மனசைப் படிக்க வந்தவர்களுக்குச் சோடியம் எதற்கு?

"மேடம், மனசைப் பத்திப் படிக்கலாம்னுதான் சைக்காலஜி எடுத்தேன். முதல் யூனிட்லயே சோடியம் பொட்டாசியம்னு போனா நான் என்ன பண்றது? பிளஸ் டூல நான் காமர்ஸ் குரூப்."

கல்லூரி திறந்த இரண்டாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர் இதை என்னிடம் கேட்டுவிடுவார். சில வருடம் அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. பி.எஸ்சி. சைக்காலஜிக்குப் பல கல்லூரிகளில் எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு முன்னால் திடீரென்று ஒரு செல்லின் குறுக்குவெட்டுப் படம் வந்து நிற்கிறது. ஃப்ராய்டு வருவார், கனவு வரும், ஆளைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றம்தான்.

இந்தத் தாளுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். உயிர் உளவியல், உடலியல் உளவியல், சைக்கோபயாலஜி. பிள்ளைகள் வாயில் 'பயோசைக்'. நாம் பார்ப்பதும் பயப்படுவதும் பசிப்பதும் தூங்குவதும் ஞாபகம் வைத்துக்கொள்வதும் உடம்புக்குள் எப்படி நடக்கின்றன என்பதுதான் பாடம். நரம்பு செல்லில் ஆரம்பித்து, செல்லுக்குச் செல் செய்தி போகும் விதம், மூளையின் பகுதிகள், ஹார்மோன், தூக்கம், உணர்ச்சி, நினைவு என்று போகும். கேலட், கார்ல்சன், பினல் என்று மூன்று பேர் எழுதிய தடித்த புத்தகங்கள் இந்தத் துறையில் பிரபலம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் இருப்பது சீனியரிடம் வாங்கிய ஜெராக்ஸ் நோட்ஸ்.

அந்த நோட்ஸில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. அதில் விடைகள் மட்டும் இருக்கும். அந்த விடை எந்தக் கேள்விக்கு வந்தது, அதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இருக்காது. ஹிப்போகேம்பஸ் நினைவுக்கு, அமிக்டலா பயத்துக்கு, சிறுமூளை சமநிலைக்கு என்று பேருந்து நிறுத்தங்களை ஒப்பிப்பது போலப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். இன்டர்னல் முடிந்த மறுநாள் எல்லாம் போய்விடுகிறது. இந்தப் பேப்பரில் அரியர் வைத்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் படிக்காமல் வந்தவர்கள் குறைவு. கேள்வி தெரியாமல் விடையைப் படித்தவர்கள்தான் அதிகம். ஆகவே பாடத்தை அதன் கேள்விகளோடு சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். நம் வீட்டில் 'நரம்பு' என்றால் பாதி நேரம் ரத்தக் குழாய். "நரம்பு கிடைக்கலைன்னு நர்ஸ் நாலு இடத்துல குத்திட்டாங்க" என்பார்கள். அவர் தேடியது சிரையை. பழைய தமிழில் நரம்பு என்பதற்கு யாழின் தந்தி என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டு படமும் மனதில் இருப்பதால், நரம்புக்குள் ஏதோ திரவம் ஓடுகிறது அல்லது நரம்பு தந்தி போல அதிர்கிறது என்ற எண்ணத்தோடுதான் பலர் வகுப்புக்கு வருகிறார்கள். உண்மையில் நரம்பு என்பது நரம்பு செல்களின் மெல்லிய நீண்ட இழைகள் சேர்ந்த கட்டு. கம்பிகளை ஒன்றாகச் சுற்றிய ஒயர் போல. முழங்கை இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை சுரீரென்று 'கரண்ட்' அடிக்கிறதே, அங்கே நீங்கள் இடித்தது அப்படிப்பட்ட ஒரு கட்டை.

இனி சோடியம். எல்லாரும் பயப்படும் இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

கால் கட்டைவிரலில் முள் குத்திய செய்தி இடுப்பு வரை ஏறி, அங்கிருந்து மூளைக்குப் போகவேண்டும். செல்லோ ஈரமான, கசியக்கூடிய பொருள். அவ்வளவு தூரம் போகும் செய்தி வழியிலேயே தேய்ந்துபோகாமல் எப்படிப் போய்ச் சேருகிறது? சோடியமும் பொட்டாசியமும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடித் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கிறது. அதற்குச் செலவு உண்டு. ஏற்றியபின் குழாயைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக விழும். நரம்பு செல்லின் சுவரிலும் இப்படிப் பம்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன. அதனால் வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் குவிந்து கிடக்கின்றன. உள்ளிருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால், செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக, அதாவது மைனஸ் 70-இல், நிற்கிறது. இது ஓய்வு நிலை. தூண்டுதல் வந்து அந்த அளவு சுமார் மைனஸ் 55-ஐத் தொட்டுவிட்டால் சோடியக் கதவுகள் படீரென்று திறக்கும். வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாயும். அடுத்த நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அந்தக் கதவுகள் அடைபட, பொட்டாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகும். இந்தச் சுற்று முழுவதும் சேர்ந்ததுதான் ஒரு மின்துடிப்பு.

தேர்வுத் தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இங்கேதான். பம்புதான் இந்த மின்துடிப்பை உண்டாக்குகிறது என்று எழுதிவிடுகிறார்கள். மோட்டார் ஓடுவது வேறு, குழாய் திறப்பது வேறு. கரண்ட் போனபிறகும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் வருவது போல, பம்பை நிறுத்திவிட்டாலும் நரம்பு இன்னும் பல துடிப்புகளை அனுப்பும்.

செய்தி ஏன் தேய்வதில்லை என்பதற்குத் தீபாவளிச் சரவெடியே போதும். முதல் வெடியின் சத்தம் கடைசி வெடி வரை ஓடிவருவதில்லை. ஒவ்வொரு வெடியும் அடுத்ததைப் பற்றவைக்கிறது. கடைசி வெடியும் முதல் வெடியின் அதே சத்தத்தோடு வெடிக்கிறது. நரம்பிலும் அப்படியே. ஓரிடத்தில் சோடியம் பாய்ந்தால் பக்கத்துக் கதவுகள் திறக்கும். பாதித் துடிப்பு என்று ஒன்று கிடையாது. பலமான வலி என்றால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வரும். சரவெடி ஒருமுறை வெடித்தால் தீர்ந்தது, நரம்போ மறுபடி உடனே தயாராகிவிடும். அந்த அளவில் உவமை நிற்காது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், நம் மீன் சந்தையில் கிடைக்கும் ஊசிக்கணவாயின் உறவுக்காரர்களை வைத்து. கணவாயின் உடலில், ஆபத்து வந்தால் நீரைப் பீச்சித் தப்பிக்க உதவும் ஒரு நரம்பிழை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் பருமன், சிலவற்றில் 1 மில்லிமீட்டர்கூட இருக்கும். அதற்குள் மெல்லிய மின்முனையை நுழைத்து அளக்க முடிந்தது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1939-இல் தொடங்கி, உலகப் போரில் வேலை நின்று, 1952-இல் இந்தச் சோடிய, பொட்டாசியக் கணக்கை முழுதாக வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு. நோட்ஸில் அரைப்பக்கமாக இருக்கும் மின்துடிப்பு வரைபடத்துக்குப் பின்னால் இருப்பது, போர் இடைவெளியோடு சேர்த்து, பதின்மூன்று வருடம். இதைச் சொன்னபிறகு அதை வரைந்துகாட்டச் சொன்னால் பிள்ளைகள் கவனமாக வரைகிறார்கள்.

ஒருமுறை இந்த வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "மேடம், போன மாசம் எங்க ஆயாவுக்குச் சோடியம் குறைஞ்சுபோய் யாரு என்னன்னு தெரியாம உளற ஆரம்பிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் ஏத்தினதும் சரியாயிடுச்சு. இது அதே சோடியமா?"

அதே சோடியம்தான். அவர் நினைத்தது, சோடியம் குறைந்ததால் நரம்பில் துடிப்பு வரவில்லை என்று. அது முழுச் சரியில்லை. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். அது சட்டென்று குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது. உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் நகரும் என்ற விதிப்படி தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. குழப்பமும் உளறலும் அதனால் வருகின்றன. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீர் வழியே சோடியத்தை வெளியேற்றுவதால் வயதானவர்களிடம் இது அதிகம் தெரிகிறது. அன்று அந்த வகுப்பு மணி அடித்தபிறகும் நடந்தது. ஆளாளுக்கு வீட்டுக் கதை சொன்னார்கள். ஒருவர் பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசியைப் பற்றிக் கேட்டார். அந்த மருந்து செய்வது சோடியக் கதவுகளை அடைப்பதுதான். கதவு திறக்காவிட்டால் சரவெடி நின்றுவிடும். பல்லைப் பிடுங்கினாலும் வலியின் செய்தி போகாது.

மனசைப் படிக்க வந்தவர்களுக்குச் சோடியம் எதற்கு என்ற கேள்வியை அந்த வகுப்பில் அதற்குப்பிறகு யாரும் கேட்கவில்லை. பேத்தியின் பெயரை மறந்த ஆயா, உப்பு சரியானதும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மனசு என்று நாம் சொல்வது எதன்மேல் நிற்கிறது என்பதை அந்தப் பெண் தன் வீட்டிலேயே பார்த்திருந்தார்.

அடுத்த யூனிட் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, சினாப்ஸ். அங்கே மின்சாரம் தாவுகிறதா, ரசாயனம் போகிறதா என்று விஞ்ஞானிகள் பல வருடம் சண்டை போட்டார்கள். ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்பவர் செய்த சோதனை எளிமையானது. இரண்டு தவளை இதயங்கள், தனித்தனிக் கிண்ணத்தில், உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் இதயத்தோடு சேர்ந்திருக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அதன் துடிப்பு மெதுவாகிறது. அந்தக் கிண்ணத்து நீரை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாகியது. அப்படியானால் முதல் இதயத்தில் நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1921-இல் இது வெளிவந்தது, 1936-இல் நோபல். சோதனையின் யோசனை தனக்குக் கனவில் வந்தது என்று லோவி சொல்லியிருக்கிறார். முதல் இரவு எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை, மறுநாள் இரவு அதே கனவு வந்ததும் எழுந்து நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டார் என்பது கதை. கனவைப் படிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

இந்த யூனிட்டில் இப்போதெல்லாம் எனக்குப் பெரிய வேலை, பிள்ளைகள் ரீல்ஸில் பார்த்துவிட்டு வருவதைச் சரிசெய்வது. டோப்பமைன் என்றால் சந்தோஷம், செரட்டோனின் என்றால் நிம்மதி, ஆக்ஸிடோசின் என்றால் காதல் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். டோப்பமைன் சுரக்கும் செல்கள் நடுமூளையில் ஓரிடத்தில் அழிந்தால் வருவது பார்க்கின்சன் நோய்: கை நடுக்கம், உடல் விறைப்பு, நடையில் தயக்கம். அதே டோப்பமைன் போய் ஒட்டி வேலை செய்யும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அடைக்கும் மாத்திரைகள் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கும் பார்க்கின்சன் போலவே கை நடுங்குவதைக் குடும்பத்தார் பார்த்திருப்பார்கள். ஒரே பொருள் ஓரிடத்தில் அசைவுக்கு, இன்னோரிடத்தில் ஆசைக்கு, வேறோரிடத்தில் பால் சுரப்பைக் கட்டுப்படுத்துவதற்கு. எந்த இடம், எந்த ஏற்பி என்று தெரியாமல் பொருளின் பெயரை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

"அப்போ காதல்ங்கறதே வெறும் கெமிக்கல்தானா மேடம்?" வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. கேட்பவர் முகத்தில் உண்மையான கவலை இருக்கும். நான் சொல்வது இதுதான்: ஒரு பாட்டு காற்றின் அதிர்வாக நம் காதுக்கு வருகிறது. அதிர்வை அளந்தபிறகும் பாட்டு பாட்டாகவே இருக்கிறது. எந்த வழியாக நடக்கிறது என்று தெரிந்துகொள்வதால் நடப்பது பொய்யாகிவிடாது. எல்லாருக்கும் இந்தப் பதில் போதுவதில்லை என்பதும் தெரியும். மூன்றாம் வருடம் வரை இதைப் பற்றி வந்து பேசுகிறவர்கள் உண்டு. அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூளையின் பகுதிகளுக்கு வந்தால் பெயர்கள் மிரட்டும். ஆனால் அந்தக் கிரேக்க, லத்தீன் பெயர்களில் பல, முதலில் அறுத்துப் பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தைச் சொன்னவைதான். ஹிப்போகேம்பஸ் கடல்குதிரை. அமிக்டலா வாதுமைப் பருப்பு. பான்ஸ் பாலம். கார்டெக்ஸ் மரப்பட்டை. தலாமஸ் உள்ளறை. டோப்பமைன் செல்கள் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா கருப்புப் பொருள். அங்கே உண்மையிலேயே கருநிறம் தெரியும். இதைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினால் பெயர் தானாக ஒட்டிக்கொள்கிறது.

படத்தைவிட நல்லது, நிஜ மூளை. எங்கள் வகுப்பில் கறிக்கடையிலிருந்து ஆட்டு மூளை வாங்கி வருவோம். வீட்டில் மூளை வறுவல் செய்து பழகியவர்கள் கழுவும்போது ரத்த நாளங்களோடு இருக்கும் மெல்லிய ஜவ்வை உரித்து எடுப்பார்கள். அந்த ஜவ்வுதான் பாடத்தில் வரும் மூளை உறையின் உள்ளடுக்குகள். தடித்த வெளியுறை பெரும்பாலும் மண்டையோட்டோடு போய்விடும். நடுவே நீளவாக்கில் பிரித்தால் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் வெள்ளைப் பட்டை தெரியும். கீழே திருப்பினால் இரண்டு கண் நரம்புகள் குறுக்கே கடந்து போகும் சந்திப்பு. முன்பக்கம் மோப்பக் குமிழ்கள்; ஆட்டுக்கு மோப்பம் முக்கியம் என்பதால் நம்முடையதைவிட எடுப்பாக இருக்கும். தொட மறுத்துத் தள்ளி நின்ற பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் அரைமணி நேரத்தில் அவர்களும் மேசைக்கு அருகில் வந்திருப்பார்கள்.

படிப்பின் நடுவே ஒரு காலகட்டம் வரும். தலைவலி வந்தால் மூளைக்கட்டி, பெயர் மறந்தால் அல்சைமர் என்று தனக்கே நோய் கண்டுபிடிப்பார்கள். மருத்துவ மாணவர்களிடமும் இது நடப்பதாகச் சொல்வார்கள். கடந்து போகும். உண்மையிலேயே வீட்டில் யாருக்கோ பிரச்சினை இருந்து அதனால் பயந்தவர் என்றால் மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசவேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சோதனையைச் சொல்லியே ஆகவேண்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுபடுத்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்தவுடனே 'எல்லாம் தெரியும்' என்று தோன்றும் திருப்தியை நம்பவேண்டாம் என்பது இதற்குப் பொருள். வெள்ளைத்தாளை எடுத்து நரம்பு செல்லை வரைந்து பாகம் குறியுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தாள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சொல். தேர்வை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தாலும், முதலில் தமிழில் உங்கள் தோழிக்கோ அம்மாவுக்கோ விளக்கிப் பாருங்கள். அம்மா கேட்கும் எதிர்க்கேள்வி வைவாவில் வரும் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கும். புரிந்துவிட்ட ஒன்றை ஆங்கிலத்தில் எழுதப் பத்து வாக்கியம் பழகினால் போதும். புரியாததை எந்த மொழியில் மனப்பாடம் செய்தாலும் தங்காது.

கடைசி யூனிட் நினைவு. அதில் ஹென்றி மொலேசன் வருவார். அவர் இறக்கும்வரை புத்தகங்களில் 'எச்.எம்.' என்ற எழுத்துகள் மட்டுமே. கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-இல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் கணிசமான பகுதி எடுக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். பல வருடம் தன்னைச் சோதித்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளரை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சந்தித்தார்.

மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம். கையை நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடியில் மட்டுமே பார்த்து, கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைந்து வரவேண்டும். முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் தவறு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல்முறையாகப் பார்ப்பதாகவே நினைத்தார். அவருடைய கை கற்றுக்கொண்டது, அவருக்குக் கற்ற ஞாபகம் இல்லை. நினைவு என்பது ஒன்றல்ல, கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இதைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். நம் ஊர் உளவியல் சோதனைக்கூடங்களில் 'மிரர் டிராயிங்' என்று ஒரு சோதனை உண்டு. மரப்பலகை, அதில் நிறுத்திய கண்ணாடி, கையை மறைக்க ஒரு தட்டு, காகிதத்தில் ஒரு நட்சத்திரம். செய்முறைத் தாளில் எல்லாரும் அதைச் செய்து, நேரத்தையும் தவறுகளையும் எண்ணி, ரெக்கார்டில் வரைபடம் போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எதற்குச் செய்தோம் என்று பலருக்குத் தெரியாது.

சென்ற வருடம் அந்த வகுப்பு முடிந்ததும் முதல் பெஞ்சிலிருந்த பையன், ஆரம்பத்தில் காமர்ஸ் குரூப் என்று சொல்லி அழுதவன், சோதனைக்கூடத்துச் சாவியைக் கேட்டான். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பலகையை எடுத்து வைத்து, புதுத் தாள் ஒன்றைச் செருகி, கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரத்தின் முதல் முனையில் பென்சிலை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருவர் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றிருந்தார்கள்.